குற்றத்தில் பங்கு கேட்டவர்கள்

கண்ணு,

நயா பைசா புதிதாக வந்து, சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு கொண்டுபோனவர்கள் எல்லாம் அணாவுக்கும் பைசாவுக்கும் கணக்குப் புரியாமல் முழித்துக்கொண்டு மலையேறிய வருஷம் அது. கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. ரோடு வரப்போகிறது என்று சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனவர்கள் நட்ட கல் மட்டும் காரவள்ளி அடிவாரத்தில் நின்றது. உன் தங்கை அம்மா வயிற்றில் இருந்தாள். நீ தேவனூர் போர்டு பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல இப்போது வேளை வந்திருக்கிறது.

உன் கடிதம் வந்தது. உன் தம்பி பெண்டாட்டி இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்துச் சுவர் மழையில் விழுந்ததற்கு உன்னைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்டவர்கள், நீ முன்பே எச்சரித்தது தெரிந்து உன்னை விட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தது போல் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் கேழ்வரகுக் களி இன்னொரு உருண்டை வாங்கித் தின்றேன். மாவட்டக் கல்வி அதிகாரி என்று உன்னை நான்கு பேர் சொல்லும்போது வராத நிம்மதி, பழையபடி ஆபீஸுக்குப் போகிறாய் என்றபோது வந்தது. ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் தினம் ஒருவராக வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், கூட வந்து பேசினார்கள், ஆனால் அடுத்தவன் தோளைப் பிடித்து நின்றுவிட்டோமே என்று வெட்கமாக இருக்கிறது, இனி அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று எழுதியிருந்தாய். அந்த வெட்கத்துக்காகத்தான் இந்தக் கடிதம். இதை நீ உன் சங்கத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

ராகவன் ஐயாவை உனக்கு ஞாபகம் இருக்கும். டிப்டி இன்ஸ்பெக்டர். நாமக்கல்லில் குடியிருந்தார். நம் மலைப் பள்ளிக்கூடங்களெல்லாம் அவர் பார்வையில். அவர் வரும்போது காரவள்ளியிலிருந்து அவருடைய படுக்கையையும் தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வருவது என் வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் தேவனூரைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களைத் தேவனூரிலிருந்தே விசாரித்துக்கொள்வார்கள். இவர் அரியூர் நாடு, திருப்புலி நாடு என்று எல்லா ஊருக்கும் நடப்பார். நடந்து பார்த்ததால்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. சாமை கதிர் பிடிக்கும் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மட்டும் இருப்பார். பிள்ளைகளெல்லாம் காட்டில் பரண் மேல் கிளியும் குருவியும் ஓட்டிக்கொண்டிருக்கும். வைகாசியிலோ மலையில் வேலை கிடையாது, வெயிலும் கிடையாது, பிள்ளைகள் சும்மா பலா மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்; அப்போது பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கீழ்நாட்டு வெயிலுக்குப் போட்ட லீவு அது. மூன்று நாட்டுக்கும் தலைவர்களான கவுண்டர்களை நம்மூர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார வைத்து, "வைகாசியில பள்ளிக்கூடம் வைக்கிறேன். அறுப்பு மாசத்துல லீவு விடுறேன். பிள்ளைகளை அனுப்புவீங்களா?" என்று கேட்டார். நம்மூர்ச் சடையக் கவுண்டர், "அனுப்பறமுங்க" என்றார். அனுப்பினார்கள். நீயும் போனாய். அந்த வைகாசியில்தான் நீ எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாய்.

நல்ல காரியம்தான். ஆனால் மேலே ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டார். கேட்டால் விட மாட்டார்கள் என்று நினைத்தாரோ, கேட்கவே தோன்றவில்லையோ, அவரிடம் நான் கேட்டதில்லை.

அறுப்பு மாதத்தில் ஒரு பெரிய அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் மலையேறி வந்துவிட்டார். தேவனூரில் பள்ளிக்கூடக் கதவு கயிற்றால் கட்டிக் கிடந்தது. திருப்புலியிலும் அப்படித்தான். அரியூருக்குப் போகும்போது காலெல்லாம் அட்டை கடித்து, ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு. காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்த பொம்பளையிடம், "இங்கே பள்ளிக்கூடம் நடக்குதா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

"நடக்குதுங்க. இப்ப லீவு உட்ருக்குது. அறுப்பு முடிஞ்சதும் வாங்க, சாமி. வரும்போது இந்தச் செருப்பைக் காலுல தொட்டுக்கிட்டு வாங்க, கையில எடுத்தா அட்டைக்குத்தான் வசதி" என்றாளாம் அவள்.

அவர் இறங்கிப் போன சூட்டோடு ராகவன் ஐயாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தாமலே நடத்தியதாகக் காட்டினார் என்று குற்றம். அது நிரூபணம் ஆனால் வேலை போய்விடும். அது மட்டுமில்லை, மலையில் யாரும் படிக்கவில்லை, பள்ளிக்கூடங்களை எடுத்துவிடலாம் என்று கீழே பேச்சு ஓடுகிறது என்று நம் பள்ளிக்கூடத்துப் பெருமாள் வாத்தியார் வந்து சொன்னார். அவருக்கு ஊர் ராசிபுரம். எடுத்துவிட்டால் அவர் பாட்டுக்குத் தன் ஊருக்குப் போய்விடலாம். ஆனாலும் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உன் முகம்தான் முன்னால் வந்தது.

அப்புறம் நாங்கள் செய்ததுதான் பெரிய கூத்து. நம் நாட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஊருக்கு நல்லது செய்தவன் தவறிவிட்டான் என்றால் பஞ்சாயத்தில் அவனைத் தனியாக நிற்க விட மாட்டோம். ஆளாளுக்கு எழுந்து அந்தக் குற்றத்தில் ஒரு பங்கைத் தன் மேல் போட்டுக்கொள்வோம். எல்லோர் தலையிலும் ஏறிவிட்டால் யாரை அடிப்பது? கொஞ்ச நேரம் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும், இது பொய் சொல்வதில்லை, தோள் கொடுப்பது என்று. விசாரணைக்கு அதே பெரிய அதிகாரி மறுபடி மலைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்ததும், அதே வழக்கத்தை அவர் முன்னால் அவிழ்த்துவிட்டோம்.

சடையக் கவுண்டர் எழுந்து, "பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னது நானுங்க. ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

திருப்புலி பொன்னக் கவுண்டர், "அவரு பெருந்தன்மையா சொல்றாருங்க. மூடச் சொன்னது நானு" என்றார்.

அரியூர்க் கவுண்டருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. குத்தம் முழுசும் என்னோடதுங்க. எழுதிக்கங்க" என்றார்.

உன் சித்தப்பன் சும்மா இருப்பானா? "சாவிய நான் தொலைச்சுப்போட்டேனுங்க. அதனாலதான் தொறக்கல" என்றான்.

அதிகாரி கதவைத் திரும்பிப் பார்த்தார். "கதவுக்குப் பூட்டே இல்லையேப்பா. சாவி எங்கிருந்து வந்தது?"

"பூட்டுந்தானுங்க தொலைஞ்சு போச்சு" என்றான் அவன்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அதை உன் தம்பி பெண்டாட்டி முன்னால் சொல்ல முடியாது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையிலேயே காரியம் கெட்டுப்போயிற்று. ராகவன் ஐயா எங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு குற்றம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. நாங்கள் தோள் கொடுத்தோம். அது அவர் கழுத்தில் போய் அழுத்தியது.

மரவள்ளிக் கிழங்கு ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனேன். பட்டப்பகலில் வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. ஐயாவின் சம்சாரம் கமலம்மா திறந்தார். "உள் ரூமை விட்டு வர மாட்டேங்கிறார். யார் வந்தாலும் இல்லேன்னு சொல்லச் சொல்றார். சங்கத்துலயாவது சொல்லுங்கன்னேன். அவங்க கூடி காப்பி குடிச்சுட்டு மாலை போட்டுக்கறவங்க, அவங்ககிட்ட போய் நிக்க மாட்டேன்னுட்டார்" என்றார். ஜில்லாவில் இருக்கிற இன்ஸ்பெக்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள்; இப்போது நீ இருக்கிற அதே சங்கம்தான். ராகவன் ஐயா அதன் கூட்டத்துக்கே போகாத ஆள். போன மாதம் நீ இருந்த இருப்பைக் கேட்டபோது எனக்கு அந்தச் சாத்திய கதவுதான் ஞாபகம் வந்தது, கண்ணு.

நான் கிழங்கை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள் வந்து நின்றது. நல்ல பருமனான ஆள், வேர்த்து ஊற்றுகிறது. சங்கத்துச் செயலாளர், தங்கவேல் என்று பெயர். ராசிபுரம் பக்கத்து இன்ஸ்பெக்டர். கமலம்மா "அவர் இல்லீங்களே" என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள் ரூமைப் பார்த்து, "ராகவா, நீ இல்லேன்னு தெரியும். நான் உன்னைப் பாக்க வரலே. இந்த நாற்காலி நல்லா இருக்குது, கொஞ்ச நேரம் பேப்பர் படிச்சுட்டுப் போறேன்" என்றார். படித்தார். போய்விட்டார். மறுநாள் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கு மறுநாள் இன்னொருவர். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒருவர் வரும்போது கடைக்குப் போய் வருவார், ஒருவர் ஐயாவின் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கூப்பிட்டு வந்தவர்கள் யாரும் இல்லை. கடைசியில் ஐயா கதவைத் திறந்துகொண்டு வந்து, "எதுக்கு இப்படி என்னை அவமானப்படுத்தறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு முறை தங்கவேல் ஐயாவுடையது. "மேலே கேட்டுட்டுச் செய்யணும்னு உனக்குத் தோணலையா? இத்தனை வருஷ சர்வீஸுல இது கூடவா தெரியாது?" என்று முதலில் நன்றாகத் திட்டினாராம். திட்டி முடித்துவிட்டு, "இனி சொல்லு, என்ன பண்ணலாம்" என்றாராம். கமலம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் திட்டுக்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றார்.

தங்கவேல் ஐயா எங்களைப் பார்க்க மலைக்கு வந்தார். அவர் உடம்புக்கு அந்த ஏற்றம் லேசில்லை. கண்ட கல்லில் எல்லாம் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதா, வந்துட்டுதுங்க" என்றேன்.

"அடிவாரத்துல இருந்தே இதைத்தான் சொல்றே. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அவங்க தப்பு."

ஊருக்கு வந்து மூன்று கவுண்டர்களையும் வரச் சொல்லி, நடந்ததை எல்லாம் கேட்டார். பங்கு போட்டுக்கொண்ட கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க செஞ்சது எனக்குப் புரியுது. ஆனா அங்கே உட்கார்ந்து கேக்கறவருக்கு ஒரு சம்பவம், அதுக்கு அஞ்சு பேர் அஞ்சு விதமாச் சொல்றாங்க. அவருக்கு அது பொய். நடந்ததை நடந்தபடி சொல்லிருங்க. ஐயாதான் லீவு விட்டார், உங்களை வெச்சுப் பேசி விட்டார், வைகாசியில பிள்ளைங்க வந்தாங்க."

சடையக் கவுண்டருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப, அவருதான் செஞ்சாருன்னு கை காட்டிப்போட்டு, நாங்க நல்லவங்களா நிக்கறதுங்களா? எங்க ஊட்டுல சோறு தின்ன மனுசன். அவரைத் தனியா உட்டுட்டு வந்தா நான் எங்க நாட்டுக்குள்ள எப்படிங்க நடமாடறது?"

அது நியாயமான கேள்வி. தங்கவேல் ஐயா நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தனியா விட வேண்டாம். நீங்க உண்மையைச் சொல்லுங்க. பங்கை நாங்க எடுத்துக்கறோம்."

"உங்களுக்கு ஏதுங்க இதுல பங்கு? நீங்க பாட்டுக்கு ராசிபுரத்துல இருந்தீங்க."

"எங்க பக்கம் வெல்லம் காய்ச்சற மாசத்துல நான் என்ன பண்றேன்னு நீங்க பார்த்தீங்களா?" என்றார் அவர்.

சடையக் கவுண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வெற்றிலையை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். நீட்டிவிட்டால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

இரண்டாவது விசாரணை சேலத்தில், பெரிய ஆபீஸில். நாங்கள் மலையிலிருந்து இறங்கி பஸ் ஏறிப் போனோம். அரியூர்க் கவுண்டருக்கு அதுதான் முதல் பஸ். வழியெல்லாம் முன் சீட்டுக் கம்பியை விடவே இல்லை. ஹாலில் ராகவன் ஐயா ஒரு பக்கம் நின்றிருந்தார். இளைத்துப்போய் சட்டை தொளதொளவென்று இருந்தது. எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மேல் கை காட்ட வேண்டும். சடையக் கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயாதானுங்க லீவு உட்டாரு. எங்களைக் கேட்டுத்தான் உட்டாரு. வைகாசியில எங்க பிள்ளைங்க படிச்சுதுங்க. போன தடவை நாங்க சொன்னது அவரைக் காப்பாத்தறதுக்கு நாங்களாச் சொன்னது, அவரு சொல்லிக் குடுக்கல" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னையும் கேட்டார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

"அப்போ உத்தரவு இல்லாமல் லீவு விட்டது உண்மை" என்றார் அதிகாரி.

"உண்மைதான் சார்" என்றார் ராகவன் ஐயா.

பின்னால் பெஞ்சில் சங்கத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கவேல் ஐயா எழுந்தார். "சார், அது உண்மையானா என்னையும் சேர்த்துக்குங்க. எங்க பக்கம் வெல்லம் காய்ச்சற மாசத்துல பள்ளிக்கூடத்தைக் காலையில மட்டும்தான் வெக்கிறேன். உத்தரவு வாங்கினது இல்லே." அவர் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அவர் பக்கம் தறி ஓட்டுகிற ஊர்கள். பண்டிகைக்கு முன்னால் பிள்ளைகள் தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விடும், அதற்கு ஏற்ற மாதிரி நேரத்தை மாற்றிக்கொள்கிறார். இன்னொருவர், தேர் இழுக்கிற நோம்பிக்கு லீவை நீட்டியவர். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கடைசியில் ஒரு சின்ன வயசுக்காரர் மட்டும் பெஞ்சில் மிச்சம் இருந்தார். சர்வீஸுக்கு வந்து வருஷம் கூட ஆகவில்லை, கல்யாணமும் புதுசு என்று பிறகு சொன்னார்கள். அவர் பேரில் ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் வேலை நிலைக்காது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டாயப்படுத்தியது போல் ஆகிவிடும் என்று வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பார்த்தேன். அவர் கீழே இருந்த பையை மடியில் எடுத்து வைத்தார், மறுபடி கீழே வைத்தார். கடைசியில் அவரும் எழுந்தார். "கடலைக்காய் பிடுங்கறப்ப, சார், எங்க பக்கம்…" என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

சடையக் கவுண்டர் என் காதில், "அட, இவங்களும் நம்ம வழக்கந்தானா" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க எல்லாரையும் நிறுத்தி வெச்சா ஜில்லா முழுக்க நான்தான் நடக்கணும். எனக்கு ஒரு கொல்லிமலையே போதும். உட்காருங்க" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வைகாசியில பிள்ளைங்க நிஜமாவே வந்தாங்களா?" என்று கேட்டார்.

"எம்பையன் வந்தானுங்க. இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கறானுங்க" என்றேன். கேட்டவர் அவ்வளவு பெரிய அதிகாரி. எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

ராகவன் ஐயாவுக்குக் கண்டிப்பு ஒன்று எழுதினார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. இனிமேல் மேலே எழுதிக் கேட்டுவிட்டு, வேலைக் காலத்துக்குத் தகுந்தபடி லீவை மாற்றிக்கொள்ளலாம் என்று உத்தரவும் பின்னால் வந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அரியூர்க் கவுண்டர் கம்பியை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எனக்கும் உடம்பெல்லாம் இளகிப்போய், காரவள்ளியில் இறங்கியபோது அந்த மலை ஏற்றமே தெரியவில்லை. அடுத்த வைகாசியில் ஐயா மேலே வந்தார், வழக்கம் போல் நான் படுக்கையைச் சுமந்தேன். வழியில், "மனுஷனுக்கு வெட்கம் எதுக்கு வரணும்னே தெரியாம இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர்தான் அந்தச் சங்கத்தில் யாருக்கு ஆபத்து என்றாலும் முதல் ஆளாகப் போய் உட்காருவாராம். கமலம்மாவே சலித்துக்கொள்வார், "இவரை ஊட்டுல பாக்கணும்னா நான்தான் எங்காவது மாட்டிக்கணும்" என்று.

கண்ணு, உன் விஷயத்துக்கு வருகிறேன். தப்புச் செய்தவனை மூடி மறைக்கிற சங்கத்தில் நீ இருக்க வேண்டாம். உன்னைத் திட்ட வேண்டிய இடத்தில் திட்டி, திட்டிய பிறகும் உன் வீட்டை விட்டுப் போகாதவர்கள் இருந்தால் அவர்களை விடாதே. ஆயிரம் பள்ளிக்கூடத்துக்கு நீ தலைவன் என்றால், உன் மேல் விழுகிற கல்லும் அத்தனை பள்ளிக்கூடத்தின் மேலும் விழும். அதை ஒருத்தன் ஒண்டியாகத் தாங்குவது வீரம் இல்லை, வீம்பு. உன்னிடம் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நீ நன்றி சொல்லிக் கடிதம் எழுத வேண்டாம். நாளைக்கு இன்னொருவன் கதவைச் சாத்திக்கொள்வான். அப்போது அவன் கூப்பிடும் வரை காத்திருக்காமல் போய் நாற்காலியை இழுத்துப் போடு. வெட்கம் அங்கே தீர்ந்துவிடும். அன்றைக்கு அந்தப் பெஞ்சிலிருந்து அவர்கள் எழுந்திருக்காவிட்டால் தேவனூரில் பள்ளிக்கூடம் இருந்திருக்காது, நீயும் என்னைப் போலக் கைநாட்டுத்தான். உனக்கு அந்தச் சங்கம் போன மாதம்தான் உதவியது என்று நினைக்காதே. மூன்றாவது படிக்கும்போதே உதவிவிட்டது.

அவர்களில் யாரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சீக்கிரம் போ. ராகவன் ஐயா போய்ப் பல வருஷம் ஆயிற்று, கமலம்மா அதற்கடுத்த மழைக்காலத்தில் போனார். தங்கவேல் ஐயா நெஞ்சு வலியில் போனார். பெருமாள் வாத்தியார், நம் மூன்று கவுண்டர்கள், உன் சித்தப்பன், யாரும் இல்லை. அந்தப் பெரிய அதிகாரியும் இல்லை என்று கேள்வி. கடைசியில் எழுந்த அந்தச் சின்ன வயசுக்காரர் மட்டும் சேந்தமங்கலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை போய்விட்டது, சங்கத்தில் இப்போது இருப்பவர்களுக்கு அவரைத் தெரியாது, யாரும் வந்து உட்காருவதில்லை என்று மிளகு வியாபாரி சொன்னான். பேப்பர் ஒன்று எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டு. தேவனூர்ப் பள்ளிக்கூடத்தில் வைகாசியில் படித்தவன் என்று சொல்லு. அவர் பெயர் நடேசன்.